ராணுவ ஏல லாரிக்கு டர்போ: சட்டம் எதுவரை விடுகிறது?

ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய டீசல் லாரி திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஏற்றினால் இழுவை கூடுமா என்பது. கூடும். ஆனால் ரோட்டில் ஓட வேண்டிய வண்டிக்கு அதைச் செய்யாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. சி.என்.ஜி., பேட்டரி என எரிபொருளை மாற்றும் கிட்டுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. டர்போ அதில் சேராது. கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ(4)-ன்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

ஏலம் கேட்கும் முன்பே நிபந்தனையைப் படியுங்கள். உடைப்புக்கு மட்டும் என்று இருந்தால் அந்த வண்டியைப் பதிவு செய்ய நினைக்க வேண்டாம். பதிவுக்கு விண்ணப்பமான படிவம் 20-உடன், ராணுவம் தரும் விற்பனைச் சான்றின் அசல், அதாவது படிவம் 21 வேண்டும். அதிலுள்ள என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் யார்டிலேயே வண்டியோடு ஒப்பிடுங்கள்.

டர்போ போட்ட வண்டி மாட்டுவது பெரும்பாலும் எஃப்.சி.யில்தான் (தகுதிச் சான்றுச் சோதனையில்). 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. பி.எஸ். 4 என்ற மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). சோதனையில் லோடு இல்லாமல் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுக்க மிதிப்பார்கள். அந்த ஓரிரு நொடியில் டர்போ காற்றைத் தள்ளத் தொடங்கியிருக்காது. டர்போவுக்காகப் பம்பில் கூட்டி வைத்த டீசல் மட்டும் உள்ளே போய்விடும். விளைவு கரும்புகை. காற்றழுத்தம் ஏறும்வரை டீசலைப் பிடித்து வைக்கும் அமைப்பு, டர்போ இல்லாத என்ஜினுக்கு வந்த பழைய இன்லைன் டீசல் பம்பில் இருக்காது. பட்டறையில் பம்பை எவ்வளவு திருகினாலும் இதற்கு வழி பிறக்காது.

இழுவை குறைந்த வண்டிக்குச் சட்டத்துக்குள்ளேயே நிறையச் செய்யலாம். கம்ப்ரஷன் பாருங்கள். டீசல் தெளிக்கும் நாசிலின் பிரஷர், டீசல் பாயும் டைமிங், வால்வின் டேப்பட் இடைவெளி மூன்றையும் கம்பெனி அளவுக்குக் கொண்டு வாருங்கள். பம்பை டெஸ்ட் பெஞ்சில் காலிபரேட் செய்து சீல் வையுங்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு மட்டுமே பல வண்டிகளைச் சோர வைக்கிறது.

தொழிற்சாலைக்குள்ளோ சுற்றடைத்த வளாகத்திலோ மட்டும் ஓடுவதற்கென மாற்றிய தனிவகை வண்டி, பிரிவு 2(28)-ன்படி மோட்டார் வாகனம் ஆகாது. அதற்கு டர்போ போடுவதானால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், 0.5 பார் அளவில் நிற்கட்டும். கம்ப்ரஷன் அதிகமுள்ள பழைய என்ஜினில் அதற்கு மேல் போனால் ஹெட் கேஸ்கட் தாங்காது. புகைபோகும் வழியில், டர்போவுக்கு முன்னால் வெப்பமானி பொருத்துங்கள். 650 டிகிரி செல்சியஸைத் தாண்டவிட்டால் பிஸ்டன் உருகும் அபாயம் நெருங்குகிறது. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், வளைவின்றிச் சரிந்து, சம்ப் (என்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இல்லையென்றால் டர்போவின் சீல் வழியே ஆயில் கசிந்து நீலப்புகை வரும். நிறுத்துமுன் இரண்டு, மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

ரோட்டு வண்டியில் ஏற்கெனவே டர்போ ஏறியிருந்தால், கழற்றினால் மட்டும் போதாது. பம்பையும் பழைய அளவுக்குத் திருப்பி, காலிபரேஷன் பில்லை வண்டிப் பேப்பரோடு வையுங்கள்.