நோயாளி முகத்துக்கு எந்த ட்யூப்லைட்?

ஒரு குறும்படத்துக்கு ஆஸ்பத்திரி அறை தேவைப்பட்டது. நிஜ ஆஸ்பத்திரிக்கு வாடகை கொடுக்கக் காசில்லாததால், கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த வகுப்பறை ஒன்றைப் பிடித்தோம். இரும்புக் கட்டில், குளுக்கோஸ் ஸ்டாண்டு, பச்சைத் திரை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் மானிட்டரில் பார்த்தால் ஹாஸ்டல் அறை மாதிரிதான் இருந்தது. போதாக்குறைக்கு நோயாளியின் கன்னம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. பக்கவாட்டில் வைத்திருந்த இரண்டு ஹாலஜன் விளக்குகள்தான் காரணம்.

தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் ஹீமோகுளோபின், பச்சை, மஞ்சள் ஒளியை நன்றாக விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்பும். முகத்தில் தெரியும் உயிர்க்களை அந்தச் சிவப்புதான். ஹாலஜனில் சிவப்பு ஏராளம். பழைய ட்யூப்லைட்டில் கதையே வேறு. உள்ளே பாதரச ஆவி உமிழும் புற ஊதாக் கதிரை, குழாயின் உட்பூச்சு வெள்ளை ஒளியாக மாற்றுகிறது. அந்த வெள்ளையில் சிவப்பு குறைவு. பாதரசம் தன் பங்குக்கு 546 நானோமீட்டரில் பளிச்சென்று ஒரு பச்சையையும் சேர்க்கும். நம் கண் சற்று நேரத்தில் பழகிவிடுகிறது. கேமராவோ, வெளுத்த முகத்தை அப்படியே பதிவு செய்கிறது.

நிஜ ஆஸ்பத்திரிகளுக்கு இதுவே தலைவலி. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாய்வதை டாக்டர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சிவப்பில்லாத விளக்கு அவரை ஏமாற்றிவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விளக்குத் தரநிலையில், விளக்கு இப்படி எவ்வளவு ஏமாற்றும் என்பதை அளக்கவென்றே ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. அது 3.3-ஐத் தாண்டக்கூடாது.

அப்படியானால் பழைய ட்யூப்பே போதுமே என்று மாட்டினோம். நோயாளி நோயாளியாகவே தெரிந்தார். எடிட்டிங்கில்தான் வினை தெரிந்தது: கட்டில் பக்கத்து ஆப்பிள்கள் பழுப்பாகிவிட்டன. விளக்கில் இல்லாத சிவப்பை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகக் கொண்டுவர முடியாது. அதனால் இப்போதெல்லாம் நிறங்களைச் சரியாகக் காட்டும், சிஆர்ஐ (நிறத்தைக் காட்டும் திறனுக்கான மதிப்பெண், அதிகபட்சம் 100) 90-க்கு மேலான எல்இடி ட்யூப்பை வாங்கி, அதன்மேல் மெல்லிய பச்சை ஜெல் தாளைச் சுற்றிவிடுகிறேன். பச்சை கூடிப்போனால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம்; ட்யூப் 6500 கெல்வின், கேமரா 5000 என்று வைத்தால் லேசான நீலக் குளிர்ச்சியும் இலவசம்.

நிறம் பாதிதான். மீதி, வெளிச்சம் வரும் திசை. வார்டில் வெளிச்சம் கூரையிலிருந்து விழுகிறது. உட்கார்ந்திருப்பவரின் கண்குழியில் நிழல் தேங்கி, ஒரு வாரம் தூங்காதவர் போலாகிவிடுவார். ட்யூப்புகளை மரச்சட்டத்தில் கட்டி, அடியில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் போதும். ஒளிவிடும் பரப்பு பெரிதாகி நிழலின் ஓரங்கள் கரைந்துவிடும். வெள்ளைச் சுவர்கள் எல்லாப் பக்கமும் ஒளியைத் தெறித்து முகத்தைத் தட்டையாக்கும் என்பதால், ஒரு பக்கம் கறுப்புத் துணி தொங்கவிடுவது அவசியம். ஒளியைத் திருப்பிவிட வைக்கும் தெர்மாகோலை விட இந்தக் கறுப்புத் துணிதான் எங்களுக்கு அதிகம் உதவியது.

அப்புறம் அந்தப் பட்டைகள். முதல் டேக்கில் திரை முழுக்க இருண்ட கோடுகள் ஊர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; சோக் போட்ட ட்யூப் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/50 நொடி திறந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும், அளவு மாறாது. 1/60 என்றால் ஒன்றே முக்கால் துடிப்புக்கும் குறைவு. ஃபிரேமின் ஒரு பகுதிக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவுமாக வெளிச்சம் போய்ச் சேரும். மலிவான எல்இடிகளிலும் இதே தொல்லை உண்டு.

நர்ஸ் ஓடிவரும் ஷாட்டை ஸ்லோமோஷனில், நொடிக்கு 120 ஃபிரேமில் எடுக்க இயக்குநர் ஆசைப்பட்டார். அந்த வேகத்தில் ஒரு ஃபிரேமுக்கு ஒரு முழுத் துடிப்புகூடக் கிடைக்காது. சரி என்று ட்யூப்பை எல்லாம் அணைத்துவிட்டு, அந்த ஓட்டத்தை மட்டும் பள்ளி வராந்தாவில் காலை வெயிலில் எடுத்தோம்.