சீக்காளியைப் பார்க்கப் போகும்போது கொய்யா வாங்கலாமா?

மதுரைக் கோரிப்பாளையத்தில் இறங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு நடக்கிற வழியில் பழக்கடைகளைப் பாருங்கள். முன்வரிசையில் ஆப்பிள், பக்கத்தில் சாத்துக்குடி, மாதுளை. கொய்யா இருந்தால் ஓரமாக ஒரு கூடையில் கிடக்கும். உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கக் கொய்யாப் பையோடு போனால், "இதைப் போயி வாங்கிட்டு வந்திருக்காரு பாரு" என்று பின்னால் பேச்சு வருமே என்கிற கூச்சம் நமக்கு. மதுரையில் டயட்டீஷியனாக உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தக் கூச்சத்தோடு மல்லுக்கட்டுவதே பாதி வேலை.

விலையை வைத்துத்தான் பழத்துக்கு மரியாதை. ஆப்பிள் இமாச்சலத்திலிருந்தோ காஷ்மீரிலிருந்தோ லாரியில் வருகிறது, இல்லையென்றால் கப்பலில் வருகிறது. கொய்யா பழனிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வந்துவிடுகிறது. தூரத்துக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் சேர்த்துத்தான் ஆப்பிளுக்குக் காசு கொடுக்கிறோம். சத்துக்குத் தனியாக யாரும் விலை போடுவதில்லை.

சத்து என்று பார்த்தால், 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே எடை ஆப்பிளில் 4 அல்லது 5 மில்லிகிராம். நம் நாட்டுப் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். அதாவது ஒரு நடுத்தரக் கொய்யாவில் பாதியைத் தின்றாலே அன்றைய கணக்கு முடிந்துவிடும். ஆப்பிளை வைத்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டுமென்றால் கிலோ கணக்கில் தின்ன வேண்டும். நார்ச்சத்து ஆப்பிளில் இரண்டரை கிராம் அளவு, கொய்யாவில் அதைப்போல் இரு மடங்குக்குக் குறையாது. புரதம், ஃபோலேட் என்கிற பி வைட்டமின் இரண்டிலும் கொய்யாதான் முன்னால் நிற்கிறது. உள்ளே சிவந்த கொய்யா என்றால் தக்காளிக்கு நிறம் தருகிற லைகோபீனும் சேர்ந்து கிடைக்கும்.

இதில் நான் பிடிவாதமாக நிற்பது வைட்டமின் சி விஷயத்தில்தான். காரணம் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தம் குறைவாக உள்ளவர்கள். என்னிடம் வருகிறவர்களும் அப்படித்தான்: மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. கேட்டால் முருங்கைக்கீரை சாப்பிடுகிறார்கள், கேப்பைக்களி சாப்பிடுகிறார்கள், சுண்டலும் உண்டு. ஆனால் கீரை, தானியம், பயறு இவற்றில் உள்ள இரும்புச்சத்தை நம் குடல் லேசில் உறிஞ்சாது. அதே வேளையில் வைட்டமின் சி உள்ளே போனால் உறிஞ்சுவது நன்றாகவே கூடும். அதனால் கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு நாலு துண்டு கொய்யா தின்னச் சொல்கிறேன். மாலையில் தனியாகத் தின்றால் தப்பில்லை, ஆனால் மதியக் கீரைக்கு அது உதவாது. இன்னொன்று, சாப்பிட்டவுடன் டீ குடிக்கிற பழக்கம். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றால், "அதை மட்டும் விட முடியாது மேடம்" என்பார்கள். சரி, டீயைத் தள்ளிப்போட முடியாதவர்கள் கொய்யாவையாவது மறக்காமல் இருக்கட்டும்.

"புள்ளைக்குக் கொய்யா குடுத்தா சளி பிடிச்சுக்கும்ல?" இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. சளி வைரஸால் வருகிறது, கொய்யாவால் வருவதில்லை. அதற்காகக் கொய்யா தின்றால் சளியே வராது என்றும் நான் சொல்ல மாட்டேன். விதை குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு பயம். விதை பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும், அவ்வளவுதான். பல் இல்லாத பெரியவர்களுக்கு விதைப் பகுதியை ஸ்பூனால் எடுத்துவிட்டுக் கனிந்த சதையைக் கொடுக்கலாம். கைக்குழந்தைக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேகாத ஆப்பிள் துண்டுக்குத்தான். அந்தக் கடினத் துண்டு தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வேகவைத்து மசித்துக் கொடுப்பதே சரி.

சுகர் உள்ளவர்களுக்கு இரண்டு பழத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. 100 கிராமில் கொய்யாவில் சர்க்கரை 9 கிராம் அளவு, ஆப்பிளில் 10. நார்ச்சத்து அதிகம் என்பதால் செங்காயாக இருக்கிற கொய்யாவுக்கு என் ஓட்டு. எதுவானாலும் ஒன்று, அதுவும் கடித்துத் தின்ன வேண்டும். ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

இவ்வளவு சொன்னதால் ஆப்பிளை எறிந்துவிட வேண்டாம். கொய்யாவை நானே கையைப் பிடித்துத் தடுக்கிற ஆட்களும் உண்டு: சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். நல்ல சிறுநீரகம் சாப்பாட்டில் வருகிற கூடுதல் பொட்டாசியத்தை (அது ஒரு தாது உப்பு) வெளியே தள்ளிவிடும். பழுதானால் அது ரத்தத்திலேயே தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும், உயிருக்கே ஆபத்து. 100 கிராம் ஆப்பிளில் பொட்டாசியம் 110 மில்லிகிராம் அளவுதான். கொய்யாவில் வகையைப் பொறுத்து அதைப்போல் இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை போகும். ஆகவே இவர்களுக்கு அளவாக ஆப்பிள்தான் நல்லது. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கொஞ்சம் ஏறிய எல்லோரும் பழத்தை விட வேண்டும் என்று இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து மருத்துவர் சொல்வார். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். வேடிக்கை என்னவென்றால், கொய்யாவைக் கட்டுப்பாடாக நிறுத்திவிட்டு, வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று தினம் ஒரு இளநீர் குடிப்பார்கள். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. தண்ணீரைப்போல் தெளிவாக இருப்பதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வயிற்றுப்போக்கு நின்று குடல் தேறுகிற இரண்டு மூன்று நாளுக்கும் தோல் சீவி வேகவைத்த ஆப்பிள் நன்றாக ஒத்துக்கொள்ளும். மற்ற நாளில் தோலைச் சீவாதீர்கள். ஆப்பிளில் உருப்படியான பல சத்துக்கள் தோலிலும் அதை ஒட்டியும்தான் இருக்கின்றன. மெழுகைப் பார்த்துத்தான் சீவுகிறோம் என்பார்கள். ஆப்பிள் தோலில் இயற்கையாகவே மெல்லிய மெழுகு உண்டு; வியாபாரத்துக்குப் பூச அனுமதிக்கப்பட்ட மெழுகும் உண்டு. ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

ஆக, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், படுத்திருப்பவருக்கு என்ன கோளாறு என்று வீட்டாரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பிரசவமான பெண்ணுக்கு, கால் முறிந்து கட்டுப் போட்டவருக்கு, காய்ச்சல் விட்டு எழுந்தவருக்குத் தாராளமாகக் கொய்யா வாங்கலாம். கிட்னி வார்டு என்றால் ஆப்பிளையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

தள்ளுவண்டியில் வாங்கித் தின்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொய்யாவை நாலாகப் பிளந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தால் எனக்கும் நாக்கு ஊறும். ஆனால் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும். பிரஷருக்கு மாத்திரை போடுகிறவர்கள் பழத்தைக் கையில் எடுக்கும்போதே "பொடி வேணாம்ணே" என்று சொல்லிவிட வேண்டும். கத்தி இறங்கிய பிறகு சொன்னால் அந்த அண்ணன் அதற்குள் தூவியிருப்பார்.