பூங்காவுக்கு வந்த பணமும் அதோடு வந்த நிபந்தனையும்

ஊர்ப் பூங்காவின் ஒரு மூலையில் தீயணைப்பு நிலையம் கட்டப் போவதாக நகராட்சி அறிவிக்கிறது. அல்லது அந்த மூலையைச் செல்போன் கோபுரத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிறது. நிலம் நகராட்சியுடையது, மன்றமும் தீர்மானம் போட்டுவிட்டது, இனி நாம் என்ன செய்ய முடியும் என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் வசிப்பவர்கள் அப்படி ஒதுங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்தப் பூங்காவுக்கு எப்போதாவது ‘லேண்ட் அண்ட் வாட்டர் கன்சர்வேஷன் ஃபண்ட்’ என்னும் மத்திய அரசு நிதியிலிருந்து மானியம் வந்திருக்கிறதா?

வந்திருந்தால், அது நாற்பது ஆண்டுக்கு முன் ஒரு டென்னிஸ் திடலுக்குக் கொடுத்த சிறு தொகையாக இருந்தாலும், அந்த நிலத்தை வேறு வேலைக்குத் திருப்ப மன்றத்தின் தீர்மானம் போதாது. வாஷிங்டனில் உள்ள உள்துறையின் ஒப்புதல் வேண்டும். (இந்தியாவில்போல் போலீசைப் பார்க்கும் துறை அல்ல இது. அமெரிக்க உள்துறை என்பது பொது நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் கவனிப்பது.) இந்த நிபந்தனைக்குக் காலக்கெடு கிடையாது. இது இருப்பது ஊர்க்காரர்களுக்கு மட்டுமல்ல, பல சமயம் நகராட்சி ஊழியர்களுக்கே தெரிவதில்லை.

இந்த நிதிக்கான சட்டத்தில் 1964 செப்டம்பர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். காட்டுநிலங்களைக் காக்கும் ‘வில்டர்னஸ்’ சட்டத்துக்கும் அதே நாளில்தான் கையெழுத்தானது. பணத்தின் பெரும்பகுதி கடலடி எண்ணெய், எரிவாயுக் குத்தகைகளிலிருந்து வருகிறது. எடுக்க எடுக்கக் குறையும் ஒரு வளத்தின் வருமானத்தைக் குறையாத ஒன்றில், அதாவது நிலத்தில், போடுவது என்பதே யோசனை. ஒரு பங்கு தேசியப் பூங்கா, தேசியக் காடு போன்றவற்றின் எல்லைக்குள் நிலம் வாங்கப் போகிறது. இன்னொரு பங்கு மாநிலங்கள் வழியாக ஊர்ப் பூங்காக்களுக்கு வருகிறது. செலவில் பாதியை மத்திய அரசு தரும், மீதிப் பாதியை ஊர் போட வேண்டும். பேஸ்பால் திடல், நீச்சல்குளம், படகு இறக்கும் சரிவு, நடைபாதை என்று இப்படி உருவான திட்டங்கள் 40,000-க்கும் மேல். பொங்கல் விழாவுக்கும் கோடைச் சாப்பாட்டுக்கும் தமிழ்ச் சங்கங்கள் வாடகைக்கு எடுக்கும் கூரைப் பந்தல்கள் பல இத்தகைய ஊர்ப் பூங்காக்களில்தான் இருக்கின்றன.

சட்டம் வந்ததும் பணமும் வந்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான தவறு. அமெரிக்காவில் ஒரு திட்டத்துக்குச் சட்டம் இரண்டு முறை வேண்டும். முதலாவது, ‘இதைச் செய்யலாம், இவ்வளவு வரை செலவிடலாம்’ என்று அனுமதிப்பது. இரண்டாவது, ‘இந்த ஆண்டு இவ்வளவு எடுத்துக்கொள்’ என்று கஜானாவைத் திறப்பது. இந்த நிதியின் கணக்கில் 1978 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரவு வைக்க அனுமதி இருந்தது. ஆனால் எடுக்க ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கீட்டுச் சட்டம் தேவைப்பட்டது. முழுத் தொகையும் ஒதுக்கப்பட்டது ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான். 2020 வரை வரவு வைத்ததில் பாதிக்கு மேல் கணக்குப் புத்தகத்திலேயே கிடந்தது. ஏட்டுச் சுரைக்காய்.

அனுமதியே காலாவதியான கதையும் உண்டு. 2015 செப்டம்பர் 30-லும் 2018 செப்டம்பர் 30-லும் நிதியின் அனுமதி முடிந்துபோனது. 2019 மார்ச்சில் வந்த ஜான் டிங்கெல் பெயரிலான சட்டம் அதை நிரந்தரமாக்கியது. ‘நிதி காப்பாற்றப்பட்டுவிட்டது’ என்று அப்போது பலரும் மகிழ்ந்தார்கள். நிரந்தரமானது கணக்கு மட்டும்தான், அதிலிருந்து பணம் எடுக்கும் உரிமை நிரந்தரமாகவில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று கையெழுத்தான ‘கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ்’ சட்டம்தான் ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு கேட்காமலே 90 கோடி டாலர் போய்ச் சேர வழி செய்தது. செனட்டில் 73-க்கு 25, பிரதிநிதிகள் சபையில் 310-க்கு 107 என்று இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றியது அது.

அதே சட்டத்தின் இன்னொரு பாதி பழுதுபார்ப்புக்கானது. 2021 முதல் 2025 வரை ஐந்து நிதியாண்டுகளுக்கு, ஆண்டுக்கு அதிகபட்சம் 190 கோடி டாலர். அதில் 70 விழுக்காடு தேசியப் பூங்காச் சேவைக்கு, 15 வனச் சேவைக்கு, மீதி மூன்று அமைப்புகளுக்கு ஐந்தைந்தாக. பூங்காக்களில் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலை மட்டுமே 2018-இல் சுமார் 1,200 கோடி டாலர் அளவுக்கு இருந்தது. நிலம் வாங்கும் பாதிக்கு முடிவுத் தேதி இல்லை, பழுதுபார்க்கும் பாதிக்கு உண்டு. ஒரே சட்டத்துக்குள் இப்படி இரண்டு ஆயுள் இருப்பதைத் தலைப்பை மட்டும் படிப்பவர் கவனிப்பதில்லை.

ஆகவே எந்தச் சட்டமானாலும் முதலில் பண வரியைத் தேடுங்கள். ‘ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு’ என்றிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் போராட்டம்தான். ‘மேற்கொண்டு ஒதுக்கீடு இன்றி’ என்றிருந்தால் பணம் தானாக வரும். ‘செலவாகும் வரை’ என்றிருந்தால் நிதியாண்டு முடிந்தாலும் மிச்சம் திரும்பப் போகாது. இதற்கு நேர்மாறான ஒரு குழப்பமும் உண்டு. அழிந்துவரும் உயிரினங்கள் சட்டத்தின் செலவு அனுமதி 1992-லேயே முடிந்துவிட்டது. அதனால் சட்டமே செத்துவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதன் தடைகளும் கடமைகளும் முழு உயிரோடு இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிவரும் வரை வேலையும் நடக்கும்.

நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. மொத்தம் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உள்துறையின் பெரும்பகுதி, வேளாண் துறைக்குக் கீழே இருக்கும் வனச் சேவை ஆகிய மூன்றும் ஒரே மசோதாவில் வருகின்றன. இதன் கடைசிப் பக்கங்களில் உள்ள பொதுப் பிரிவுகளைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். ‘நன் ஆஃப் தி ஃபண்ட்ஸ்’ என்று தொடங்கும் வரிகள் அங்கே வரிசையாக இருக்கும். இந்தப் பணத்தில் எதையும் இன்ன காரியத்துக்குச் செலவிடக் கூடாது என்பது அவற்றின் பொருள். மூலச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதை முடக்கும் வழி இது. சேஜ் கிரௌஸ் என்னும் புதர்வெளிப் பறவையை அழிந்துவரும் இனப் பட்டியலில் சேர்க்கும் விதியை எழுதவே பணம் கூடாது என்று 2014 டிசம்பரில் வந்த ஒதுக்கீட்டுச் சட்டம் சொன்னது. பறவையின் நிலையைப் பற்றி அறிவியல் என்ன சொன்னாலும் அந்த விதியை எழுத ஆளுக்குச் சம்பளம் கிடையாது.

இன்னும் துணிந்த வகை, பணத்தோடு சம்பந்தமே இல்லாத வரியைப் பண மசோதாவில் ஒட்டுவது. 2011 ஏப்ரலில் அரசு நடக்கவே தேவைப்பட்ட செலவுச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு புகுந்தது. ஐடஹோ, மொன்டானா முழுவதிலும், வாஷிங்டன், ஓரிகன், யூட்டா மாநிலங்களின் சில பகுதிகளிலும் சாம்பல் ஓநாய் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த நீக்கத்தை நீதிமன்றம் ஆராயக் கூடாது என்ற வரியும் கூடவே வந்தது.

ஆனால் இந்தக் கத்தியைக் காப்பாற்றவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஏக்கர் இரண்டரை முதல் ஐந்து டாலருக்குப் பொது நிலத்தைச் சுரங்கக்காரருக்கே பட்டா எழுதித் தர அது இடம் கொடுக்கிறது. 1994 அக்டோபர் முதல் அப்படிப்பட்ட புதிய விண்ணப்பங்கள் எடுத்துக்கொள்ளப்படாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் திரும்ப எழுதப்படும் ஒரு பிரிவுதான். ஓர் ஆண்டு அதை எழுத மறந்தால் பழைய விலை திரும்ப உயிர்பெறும். ஆகவே மசோதாவில் என்ன சேர்ந்தது என்பதோடு, சென்ற ஆண்டு இருந்த எது காணாமற்போனது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வரவு செலவை ஒழுங்குசெய்யும் ‘ரீகன்சிலியேஷன்’ மசோதாவையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது செனட்டில் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறிவிடும். மேற்கு மாநிலங்களில் இருபது முப்பது லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்கும் யோசனை 2025 ஜூனில் அந்த வழியாகத்தான் வந்தது. முதல் வடிவம் செனட் விதிகளுக்கு ஒவ்வாதது என்று தள்ளப்பட்டது. சுருக்கிய வடிவத்தை, வேட்டைக்காரர்கள் முதல் சூழல் அமைப்புகள் வரை எழுப்பிய எதிர்ப்புக்குப் பின், அதைக் கொண்டுவந்த செனட்டர் மைக் லீயே திரும்பப் பெற்றார்.

இனி ஊர்ப் பூங்காவுக்கு வருவோம். நிபந்தனை இருப்பது நிதிச் சட்டத்தின் 6 எஃப் பிரிவில். மானியம் வந்த நிலம் என்றென்றும் பொதுமக்களின் வெளிப்புறப் பொழுதுபோக்குக்கே இருக்க வேண்டும். வேறு பயனுக்குத் திருப்பினால் அதற்கு ‘கன்வர்ஷன்’ என்று பெயர். அதை ஒப்புக்கொள்ள, சந்தை மதிப்பில் குறையாததும் பயன்பாட்டில் ஏறத்தாழ ஈடானதுமான மாற்று நிலம் தர வேண்டும். பணமாகக் கட்டித் தீர்க்க முடியாது. ஏற்கெனவே பூங்காவாக இருக்கும் வேறொரு நிலத்தையும் காட்ட முடியாது. மாற்று நிலத்தைப் பேசுவதற்கு முன்பே, வேறு வழிகளையெல்லாம் ஆராய்ந்து அவை ஏன் ஒத்துவரவில்லை என்றும் எழுத வேண்டும்.

நூலகம், தீயணைப்பு நிலையம், பள்ளிக் கட்டடம், தனியாருக்குக் குத்தகை, செல்போன் கோபுரம் எல்லாம் பொதுவாக இந்த வகையில் விழும். தரைக்கடியில் குழாய் பதித்து, மேலே பூங்காவைப் பழையபடி விட்டால் விழாது. பூங்காவுக்கு வருபவர்களுக்கான கழிப்பறையோ கூரையோ கட்டினாலும் விழாது. பக்கத்துக் கட்டுமானத்தின் தளவாடங்களைத் தற்காலிகமாக வைப்பது போன்றவற்றுக்கு முன்அனுமதியோடு ஆறு மாதம் வரை இடமுண்டு. அதைத் தாண்டினால் நிலத்தைத் திருப்பியதாகவே கணக்கு.

எல்லாச் சிக்கலும் எல்லை வரைபடத்தில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரு 6 எஃப் வரைபடம் உண்டு. பணம் ஒரு திடலுக்குத்தான் வந்தது, ஆகவே திடலுக்கு மட்டும்தான் கட்டு என்று நகராட்சி சொல்லும். பெரும்பாலும் கோடு முழுப் பூங்காவையும் சுற்றிப் போகும். 1970-களின் வரைபடங்கள் கையால் வரைந்தவை. அளவுகோல் இருக்காது, இன்று இல்லாத ஒரு வேலியையோ மரத்தையோ எல்லையாகக் காட்டும். ஊர்க் கோப்பு தொலைந்திருந்தாலும் மாநில அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்று ‘ஸ்டேட் லையஸான் ஆஃபீசர்’ ஒருவர் இருக்கிறார், பெரும்பாலும் மாநிலப் பூங்காத் துறையிலோ இயற்கை வளத் துறையிலோ. நகராட்சியின் விண்ணப்பம் அவர் வழியாகத்தான் உள்துறைக்குக் கீழே இருக்கும் தேசியப் பூங்காச் சேவைக்குப் போக முடியும்.

மதிப்பீட்டிலும் கோளாறு நடக்கும். பூங்கா என்றே வைத்து மதிப்பிட்டால் விலை அடிமட்டத்தில் வரும், ஊருக்கு வெளியே ஒரு சதுப்பு நிலம் அதற்கு ஈடாகிவிடும். அந்த இடம் அதன் உச்சப் பயன்பாட்டில் சந்தையில் என்ன விலை போகும் என்பதே சரியான கணக்கு. பயன்பாட்டு ஈடும் தனிக் கேள்வி. சிறுவர்கள் நடந்து வந்து விளையாடும் திடலுக்குக் காரில் மட்டுமே போகக்கூடிய காடு ஈடாகுமா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

சாலைத் திட்டம் என்றால் 4 எஃப் என்ற வேறொரு பிரிவும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அது 1966-இன் போக்குவரத்துத் துறைச் சட்டத்தில் உள்ளது. மத்தியப் போக்குவரத்துப் பணம் தொடும் சாலை எந்தப் பொதுப் பூங்காவை எடுத்துக்கொண்டாலும் அது பொருந்தும், பழைய மானியம் தேவையில்லை. டென்னசியில் மெம்பிஸ் நகரின் ஓவர்ட்டன் பூங்கா வழியே 40-ஆம் எண் நெடுஞ்சாலை போக இருந்தது. ஊர்க்காரர்கள் தொடுத்த வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகப் படித்தது. நெடுஞ்சாலை பூங்காவுக்குள் வரவே இல்லை.

கேட்கும் நேரம் முக்கியம். மண் தோண்டிய பிறகு தெரியவந்தால், நடந்துவிட்டதை ஒழுங்குபடுத்தும் பேச்சாக அது சுருங்கிவிடும். மாற்று நிலம் தந்தாக வேண்டியது அப்போதும் மாறாது, ஆனால் மூலை போனது போனதுதான். கூட்ட நிகழ்ச்சிநிரலில் ‘உபரி நிலம்’, ‘குத்தகை’, ‘கூட்டுப் பயன்பாடு’ என்ற சொற்கள் பூங்காவின் பெயரோடு வந்த அன்றே எழுதுங்கள். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. விசாவில் இருப்பவரும் பொதுக் கருத்து சொல்லலாம், ஆவணம் கேட்கலாம். மாநிலத்துக்கு மாநிலம் ஆவணச் சட்டம் வேறுபடும் என்பதால் உங்கள் மாநிலத்தின் விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால் அது ஒரே கருத்தாகவே எண்ணப்படும். குறிப்பிட்ட குறையைச் சுட்டும் ஒரு கடிதத்துக்குத் தனிப் பதில் வந்தாக வேண்டியிருக்கும்.

கடிதம் அரைப் பக்கம் போதும். பூங்காவின் பெயர், முகவரி, நில எண் மூன்றும் தலைப்பில். முதல் பத்தியில் என்ன கட்டப் போகிறார்கள், எந்தத் தேதிக் கூட்டத்தில் வந்தது என்பது. அடுத்ததில் மூன்று கோரிக்கைகள்: இந்தப் பூங்காவுக்கு வந்த எல்லா மானியங்களின் எண்ணும் ஆண்டும், ஒவ்வொன்றின் 6 எஃப் வரைபடமும், நிலத்தைத் திருப்ப விண்ணப்பம் ஏதும் வந்திருந்தால் அதன் பிரதியும். மூலப் பிரதி மாநில அலுவலருக்கு, நகல் நகராட்சி வழக்கறிஞருக்கு. வழக்கறிஞரின் பெயரை விடாதீர்கள். மன்ற உறுப்பினருக்குப் போகும் கடிதம் கோப்பில் சேர்ந்தால்கூடப் படிக்கப்படாமல் போகலாம். மானிய ஒப்பந்தத்தை மீறினால் மாநிலத்துக்கு வரும் அடுத்த மானியங்கள் நின்றுபோகலாம் என்பதை முதலில் புரிந்துகொள்பவர் வழக்கறிஞர்தான்.