பிரிட்டனில் அசைலம் கேட்டவருக்கு என்ன உதவி, அதை எப்படிக் கேட்பது

பிரிட்டனில் அசைலம் அடித்துவிட்டு, அதாவது புகலிடம் கேட்டுவிட்டு, முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை கிடையாது, பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட் கிடையாது, உள்ளூர் நிர்வாகம் தரும் கவுன்சில் வீடும் கிடையாது. அவருக்கென்று இருப்பது 1999ஆம் ஆண்டு குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு: தங்க ஓர் இடம், வாரச் செலவுக்குக் கொஞ்சம் பணம். உறவினர் வீட்டில் படுக்க இடமிருக்கிறது, செலவுக்குத்தான் வழியில்லை என்றால் பணத்தை மட்டும் கேட்கலாம். லண்டனில் மாமா, சித்தப்பா வீட்டில் இருக்கும் பலருக்கு இது தெரிவதில்லை. வீட்டையும் சேர்த்துக் கேட்டால் ஊரைத் தேர்வுசெய்ய முடியாது. ஹோம் ஆஃபீஸ் (உள்துறை அமைச்சு) அனுப்பும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

தானே சமைக்கும் வீடு என்றால் ஆளுக்கு வாரம் 49.18 பவுண்ட். 2024 ஜனவரியில் வந்த தொகை இது. நாளைக்கு ஏறக்குறைய 7 பவுண்ட். சாப்பாடு, துணி, சோப்பு, போன், பஸ் எல்லாம் இதற்குள்தான். மூன்று வேளைச் சாப்பாடு போடும் ஹோட்டலில் வைத்திருந்தால் 9.95 பவுண்ட் மட்டுமே. கர்ப்பிணிக்கும் 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கும் வாரம் 5.25, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 9.50 கூடுதலாக உண்டு. பிரசவத்துக்கு ஒருமுறை 300 பவுண்ட் தருவார்கள், ஆனால் கேட்டால்தான். பணம் ஆஸ்பென் என்ற கார்டில் ஏறும்.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஏ.எஸ்.எஃப் 1. மைக்ரண்ட் ஹெல்ப் என்ற அமைப்பின் 0808 8010 503 இலவச எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் ஏற்பாடு செய்வார்கள். இன்றிரவே படுக்க இடமில்லை என்றால் 98ஆம் பிரிவின் கீழ் அவசர உதவியைச் சேர்த்துக் கேளுங்கள். 95இன் முடிவு வரும்வரை அது தாங்கும்.

அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்த 14 நாளைக்குத் தங்க இடமோ அடிப்படைச் செலவுக்குப் பணமோ உங்களிடம் இருக்கிறதா? விண்ணப்பங்கள் விழுவதும் இங்கேதான். வங்கி அறிக்கையில் போன மாதம் 400 பவுண்ட் வந்திருக்கிறது, யார் கொடுத்தது என்று ஒரு வரி விளக்கமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒருமுறை வாங்கிய கைமாற்றாகவே இருக்கலாம். எழுதாவிட்டால் அதை வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். மூடாத பழைய கணக்கையும் மறைக்காமல் காட்டுங்கள். இதுவரை பார்த்துக்கொண்டவரிடம் கடிதம் வாங்கும்போது, எப்போதிலிருந்து என்ன கொடுத்தார், இனி ஏன் முடியாது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். "இவர் நல்லவர், உதவி செய்யுங்கள்" என்ற கடிதத்தால் பயனில்லை.

உதவி கிடைத்தபின் நழுவவிடுவது பெரும்பாலும் வீட்டு விஷயத்தில். அனுமதி வாங்காமல் தொடர்ந்து 7 நாளுக்கு மேல், அல்லது ஆறு மாதத்தில் மொத்தம் 14 நாளுக்கு மேல் வெளியே தங்கினால் நிபந்தனையை மீறியதாகிவிடும். அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் பத்து நாள் தங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

மருத்துவம் இலவசம். ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிய விலாசச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயமில்லை. ரிசப்ஷனில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். மருந்து, பல், கண் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லாமலிருக்க எச்.சி 2 என்ற கட்டண விலக்குச் சான்றிதழைக் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியும், 95ஆம் பிரிவு உதவி பெறும் குடும்பமென்றால் மதிய உணவும் உண்டு. வேலை செய்ய முடியாது. உங்கள் தவறில்லாமல் 12 மாதம் கடந்தும் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் எல்லா வேலைக்கும் செல்லாது.

உதவியை மறுத்தாலோ நிறுத்தினாலோ அசைலம் சப்போர்ட் ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கடிதம் கைக்கு வந்தபின் மூன்று வேலைநாள்தான் அவகாசம். வெள்ளிக்கிழமை வந்த கடிதத்துக்குப் புதன்கிழமையோடு முடிந்தது. கடிதம் வந்த தேதியை உறையிலேயே குறித்துவையுங்கள். பிந்தினால் காரணம் காட்ட அதுதான் ஆதாரம். கேஸ் முழுதாகத் தோற்று, பிறகு ஃப்ரெஷ் கிளெய்ம் (புதிய ஆதாரத்தோடு மறுபடி கோரிக்கை) போட்டவருக்குப் பொதுவாக 95 பொருந்தாது, 4ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். அதில் பணம் மட்டும் கேட்க முடியாது. வீட்டையும் ஏற்க வேண்டும்.

அசைலம் ஏற்கப்பட்டு விசா கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். அசைலம் உதவி அத்தோடு நிற்கும். நிற்குமுன் விதிகளில் உள்ள அவகாசம் 28 நாள். சில காலம் அதை 56 ஆக நீட்டியதும் உண்டு, எனவே உங்கள் கடிதத்தில் உள்ள தேதியையே பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். 28 நாளுக்கும் 35 நாளுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு வாரம்தான் பலரைத் தெருவில் விடுகிறது. முடிவு வந்த நாளே, விசாவை இணையத்தில் காட்டும் இ-விசா கணக்கைத் திறந்து, யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்து, அட்வான்ஸும் கேளுங்கள். அது கடன்தான், மாதாமாதம் கழிப்பார்கள். வெளியேறச் சொன்ன கடிதத்தோடு அன்றே கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்கும் போங்கள். குழந்தையுள்ள குடும்பத்துக்கும் கர்ப்பிணிக்கும் அங்கே முன்னுரிமை. உடல்நலமுள்ள தனியாள் வாடகை அறையையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் இருந்து, கிடைத்தது அகதி அந்தஸ்து என்றால், மூன்று மாதத்துக்குள் சைல்ட் பெனிஃபிட் கேளுங்கள். அசைலம் கேட்ட நாளிலிருந்து பின்தேதியிட்டு மொத்தமாகத் தருவார்கள். மூன்று மாதம் தாண்டினால் அந்தப் பழைய பாக்கி போய்விடும்.