ரயத்துவாரி: தமிழில் எப்படிச் சொல்வது?

கிராம நிலத்துக்கு அ-பதிவேடு (நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகல் எடுத்தவர்கள் பார்த்திருப்பார்கள். ‘அரசு / ரயத்துவாரி’ என்ற இடத்தில், பட்டா நிலமாக இருந்தால் ‘ர’ என்று ஒற்றை எழுத்து இருக்கும். அதுதான் ரயத்துவாரி.

ரயத்து அரபு மூலமுள்ள சொல். மேய்த்தல் என்ற பொருளுள்ள வேரில் பிறந்தது. முதலில் மந்தை, அப்புறம் மன்னனின் ஆட்சிக்கு உட்பட்ட மக்கள். பாரசீகம் வழியாக இந்திய வரிக் கணக்குகளுக்குள் வந்தபோது, உழுது வரி கட்டும் குடியானவன் என்று பொருள் சுருங்கியது. வாரி? ‘மாவட்ட வாரியாக’ என்கிறோமே, அதே வாரிதான். ஆக, குடியானவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தீர்வை, அதாவது நிலவரி, வைக்கும் முறை இது.

இந்தச் சொல் இங்கே நிலைத்ததில் ஒரு படை அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு. 1761இல் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ, 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேரச் சென்னை வந்தார். அந்த வருடமே ஹைதர் அலியுடன் போர். 1792இல் பாராமகால், அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரம், திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. உள்ளூர் மொழி தெரிந்த சிவில் அதிகாரிகள் அரிதாக இருந்ததால், அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ கேப்டனை அங்கே அனுப்பினார்கள். ரீடின் உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. ஜமீன்தாரிடம் மொத்தமாக விடாமல் உழுபவரிடமே வரி பேசும் முறை அங்கேதான் உருவானது. 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் மன்றோ அதை விரிவாக்கினார். 1820இல் சென்னை மாகாணத்தின் கவர்னரானதும், ஜமீன் பகுதிகள் நீங்கலாக, மாகாணத்தின் பொதுமுறையாக்கினார். 1827இல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். சென்னை தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் இவர்தான்.

மன்றோவைப் புகழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இடையில் ஜமீன்தார் இல்லைதான். ஆனால் அந்த இடத்தில் சர்க்காரே வந்து உட்கார்ந்துகொண்டது. தீர்வையும் லேசாக இல்லை. 25 சதவீதம் குறைக்கலாம் என்று 1807இல் மன்றோவே பரிந்துரைத்தார்.

சரி, தமிழ்ச்சொல்? பாடநூல்கள் முன்னால் ஓர் இகரம் சேர்த்து ‘இரயத்துவாரி’ என்று எழுதுகின்றன. அது எழுத்துத் திருத்தம், மொழிபெயர்ப்பு அல்ல. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘குடிவாரி முறை’. அரசனுக்கு அடங்கிய மக்களும் குடிகள், உழுபவனும் குடியானவன். ரயத்துக்குள்ள இரண்டு பொருளும் குடிக்கு உண்டு. வாரியும் வேண்டாம் என்பவர்கள் ‘குடிவழித் தீர்வை’ எனலாம்.

குடிவாரத்தோடு மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது விளைச்சலில் உழுபவரின் பங்கு, அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ போகும் மேல்வாரத்துக்கு எதிர்ப்பக்கம். பத்திரத்திலும் வழக்கு மனுவிலும் ‘ரயத்துவாரி பட்டா’ என்றே விட்டுவிடுங்கள். சட்டத்தில் இருக்கும் பெயர் அதுதான்.