கழுவாமல் விட்டால் என்ன ஆகும்?

"குப்பைத் தொட்டி மேல் கை பட்டால் அரை மணி நேரம் கழுவுகிறேன். மாத்திரையோடு கவுன்சலிங்கும் போகச் சொல்கிறார் டாக்டர். அதில் பல வகை உண்டாமே, எதற்குப் போவது?" வாசகர் ஒருவரின் கேள்வி இது.

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் சங்கிலி தெரிந்ததுதான்: வேண்டாத எண்ணம், பதற்றம், அதைத் தணிக்கக் கை கழுவுவது போல ஒரு சடங்கு, மறுபடி எண்ணம். வேண்டாத எண்ணம் எல்லோருக்கும் வரும். நோயில்லாதவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கும் அதே மாதிரி எண்ணங்கள் வருவதை 1978இல் உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் லண்டனில் ஆய்வு செய்து காட்டினார்கள். ஆகவே எண்ணத்தைத் துரத்துவது வீண்வேலை. முடிச்சு இருப்பது சடங்கில்.

அதை அவிழ்க்கப் பிறந்ததுதான் ஈஆர்பி, அதாவது பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தடுக்கும் சிகிச்சை. அஞ்சும் பொருளை வேண்டுமென்றே தொடவேண்டும். பிறகு சடங்கைச் செய்யக்கூடாது. 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் லண்டனில் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார். கழுவிக்கொண்டே இருக்கிறவருக்குக் குழாய்த் தண்ணீரையே நிறுத்தினார்கள், செவிலியர் கூடவே இருந்தார்கள். இன்று யாரும் குழாயை மூடுவதில்லை. நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது.

இது ஏன் வேலை செய்கிறது? கை கழுவிய சில நொடிகளில் பதற்றம் இறங்குகிறது. மூளை அந்தப் பெருமையைக் கழுவலுக்கு எழுதி வைத்துவிடுகிறது. 1970களில் ராக்மன் குழுவினர் நோயாளிகளை அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவ விடாமல் உட்காரவைத்து, உந்துதல் எவ்வளவு என்று அவ்வப்போது கேட்டுக் குறித்தார்கள். கழுவாமலேயே உந்துதல் தானாகக் கரைந்தது, பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே! கோழி கூவித்தான் பொழுது விடிகிறது என்று நம்புகிறவர் ஒருநாளும் கோழியைக் கூவாமல் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பழைய பயம் இதனால் அழிவதில்லை என்பதுதான் இதில் அழகு. "தொட்டேன், கழுவவில்லை, நினைத்த மாதிரி ஆகவில்லை" என்ற புதிய பாடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதை அமுக்குகிறது. அதனால் கிளினிக்கில் மட்டும் பழகினால் போதாது. வீடு, பஸ், ஆபீஸ் என்று இடம் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். தொடுவதற்கு முன் "என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?" என்பதை எழுதி வைப்பதும் இதற்காகவே.

பயங்களைச் சிறிதிலிருந்து பெரிதாகப் படிப்படியாக அடுக்குவதை ஏணி என்பார்கள். கேள்வி கேட்டவருக்கு அது ஏறத்தாழ இப்படி அமையலாம். பதற்றத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண். கதவுக் கைப்பிடி 30, செருப்பின் அடிப்பாகம் 55, குப்பைத் தொட்டி மூடி 75. அதே கையால் தன் தலையணையைத் தடவுவது 90. கீழ்ப்படியில் தொடங்கி மேலே போகவேண்டும். தலையணையை விட்டுவிட்டால் வீட்டுக்குள் ஒரு "சுத்தமான தீவு" மிஞ்சும். நோய் அங்கிருந்தே திரும்பி வரும்.

சொதப்புவது பெரும்பாலும் ஒளிந்திருக்கும் சடங்கால். கை கழுவமாட்டார், மனதுக்குள் மந்திரம் ஓடும். அல்லது "ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்று கேட்பார். "ஆகாதுடா" என்று அம்மா சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஒரு கை கழுவல்தான். வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசாத ஈஆர்பி அரைகுறை.

மற்றவை? "ஏதாவது நடந்தால் நான்தான் பொறுப்பு" என்ற மிகையான பொறுப்புணர்வைக் கேள்விக்கு உட்படுத்தும் அறிதல் சிகிச்சையை 1985இல் உளவியலாளர் சால்கோவ்ஸ்கிஸ் முன்வைத்தார். நல்ல பலன் உண்டு, ஆனால் வாதத்தையே சடங்காக்கிக்கொள்பவர்களிடம் கவனம் தேவை. எண்ணத்தை வரவிட்டு, வாழ்க்கையைத் தொடரச் சொல்லும் ஏற்புச் சிகிச்சை 2010 சோதனையில் தசைத் தளர்வுப் பயிற்சியை வென்றது. மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி மட்டும் ஓசிடிக்குப் போதாது.

2005இல் உளவியலாளர் ஃபோவா குழுவின் 12 வாரச் சோதனையில், தொடங்கியவர்களில் ஈஆர்பிக்குப் பலன் கண்டவர்கள் 62 சதவீதம். குளோமிப்ரமின் மாத்திரைக்கு 42, ஒப்பிடக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கு 8. முடித்தவர்களை மட்டும் எண்ணினால் ஈஆர்பி 86. பாதியில் விடுவதுதான் இதன் பலவீனம். 2013 சோதனை ஒன்றில், மாத்திரை போதாதவர்களுக்கு ஈஆர்பியைச் சேர்த்தபோது 80 சதவீதம் பேருக்குப் பலன், ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தபோது 23. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே போகலாம்.

இவ்வளவு சான்று இருந்தும் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. ஈஆர்பியை விற்க மருந்துக் கம்பெனி ரெப் கிடையாது. பயிற்சிக்கு அரசுதான் பணம் போடவேண்டும், போடுவது சொற்பம். நம் வீடுகளிலோ தீட்டு, மடி என்ற பெயரில் நோய் பல வருடம் ஒளிந்து கிடக்கிறது, நடுவில் தோஷப் பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு வேறு.

சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேளுங்கள்: "சடங்கைத் தடுக்கும் பயிற்சி உண்டா, வீட்டுக்கு வேலை கொடுப்பீர்களா?" உண்டு என்றால் அடுத்த வாரமே உங்கள் ஏணியை எழுதச் சொல்வார். "கெட்ட எண்ணம் வந்தால் ரப்பர் பேண்டைச் சுண்டுங்கள்" என்றால், வேறு ஆளைத் தேடுங்கள்.