மறுமுனை கண்ணுக்குத் தெரியாது: ஏபிஐ நடத்துபவர்களின் பாடு

2009 ஜூனில் ட்விட்டருக்கான சில செயலிகள் திடீரென்று படுத்துவிட்டன. அந்தச் செயலிகள் தகவல் பெறும் வழியான தன் ஏபிஐயில் ட்விட்டர் கை வைக்கவே இல்லை. ஒவ்வொரு ட்வீட்டுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் தரப்படும். அது அப்போது 2,147,483,647-ஐத் தாண்டியது. எதிர்மறை எண்களுக்கும் இடம் விட்டு 32 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) சேமித்தால், அதற்குமேல் போக முடியாது. எண்ணை அப்படிச் சேமித்துவந்த வெளியார் செயலிகள்தான் மாட்டிக்கொண்டன.

ஒரு நிறுவனத்தின் சர்வரிடம் இன்னொருவரின் மென்பொருள் தகவல் கேட்டு வாங்கும் வழிதான் ஏபிஐ. கேட்கும் நிரலை வழங்குநர் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. கூகுளில் பணியாற்றிய பொறியாளர் ஹைரம் ரைட்டின் பெயரில் ஒரு விதியே இருக்கிறது: பயன்படுத்துவோர் பெருகிவிட்டால், நீங்கள் என்ன வாக்குறுதி தந்தீர்கள் என்பது முக்கியமில்லை, வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார்.

அதனால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது பொதுவாகப் பாதுகாப்பு. இருப்பதை நீக்குவதும் பெயர் மாற்றுவதும்தான் வில்லங்கம். ட்வீட் எண்கள் இன்னும் நீளமாகப்போகும் நிலை 2010-இல் வந்தது. இணையப் பக்கங்களில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண் வகையோ 53 பிட்டுக்கு மேற்பட்ட முழு எண்களைத் துல்லியமாக வைத்திருக்காது. பழைய எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அதையே எழுத்துவடிவிலும் கூடுதலாக அனுப்பத் தொடங்கியது ட்விட்டர்.

சரி, மாற்றியே தீர வேண்டும் என்றால்? பணப் பரிமாற்ற நிறுவனமான ஸ்ட்ரைப்பின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஏபிஐ பதிப்புகளுக்குத் தேதியை வைத்துத்தான் பெயர். ஒரு வாடிக்கையாளர் முதன்முதலில் கோரிக்கை அனுப்பும்போது எந்தப் பதிப்பு நடப்பில் உள்ளதோ, அவர் கணக்கு அதோடு பிணைக்கப்படும். உள்ளே சர்வர் புதிய வடிவத்தில்தான் பதிலைத் தயாரிக்கிறது. வெளியே அனுப்புமுன், இடையில் நடந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கழித்து, அவருக்குப் பழகிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. அவராக விரும்பும்போது புதியதற்கு மாறிக்கொள்ளலாம். இந்தப் பழைய சுமையை ஆண்டுக்கணக்கில் சுமப்பதற்குச் செலவு உண்டுதான். பணம் புழங்கும் இடத்தில் அது தகும்.

யார் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அடையாளம் காட்டாமல் கேட்டால் மணிக்கு 60 கோரிக்கைகள், காட்டினால் வழக்கமாக 5,000. மீதம் எத்தனை என்பது ஒவ்வொரு பதிலோடும் வரும் குறிப்புப் பகுதியான தலைப்பில் வந்துவிடும்.

பழைய வசதியை மூடுவதுதான் ஆகக் கடினம். மின்னஞ்சல் அனுப்பலாம்; படிக்க வேண்டுமே! என்று மூடப்படும் என்ற தேதியைப் பதிலின் தலைப்பிலேயே வைக்க 2019-இல் ஒரு முறை வகுக்கப்பட்டது. அதையும் யாராவது கவனித்தால்தான் உண்டு. கடவுச்சொல்லைக் கொண்டு ஏபிஐக்குள் நுழைவதை 2020 நவம்பர் 13-இல் நிறுத்த முடிவெடுத்த கிட்ஹப், செப்டம்பர் 30-லும் அக்டோபர் 28-லும் அந்த வழியைச் சில மணி நேரம் மட்டும் வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தது. எந்த அறிவிப்பையும் படிக்காதவர்களின் நிரலும் அன்று பிழை காட்டியிருக்கும். சரிசெய்துகொள்ள அவர்களுக்கு இன்னும் சில வாரங்கள் கையில் இருந்தன.